தீவிர நோயாளியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வருகிறீர்களா? முதல் இரண்டு வாரத்துக்கான முழு வழிகாட்டி

பக்கவாதம் வந்த அப்பாவை மூன்று ஆண்டும், அதற்குப் பிறகு புற்றுநோயோடு இருந்த மாமியாரை எட்டு மாதமும் சிங்கப்பூரில் எங்கள் நாலறை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் புளோக்கிலும் சொந்தத்திலும் யாருக்காவது டிஸ்சார்ஜ் என்றால் என்னைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். ஏழெட்டு வீடுகளில் முதல் வாரம் கூடவே இருந்திருக்கிறேன். பாசம் குறைந்த வீடு என்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லோரும் தடுமாறியது வரிசையில்தான். ஆளை அழைத்து வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகளை, அவர் கட்டிலில் படுத்து முனகிக்கொண்டிருக்கும்போது ஓடி ஓடிச் செய்தார்கள்.

அதனால் இதை வரிசைப்படியே எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டரோ தாதியோ சொன்னது நான் எழுதியிருப்பதிலிருந்து மாறுபட்டால் அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள், அவர்கள்தான் உங்கள் நோயாளியைப் பார்த்தவர்கள்.

1. டிஸ்சார்ஜ் என்ற பேச்சு வந்த அன்றே நாலு பேரைப் பிடியுங்கள்

“இன்னும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம்” என்று வார்டில் சொன்னதும் நாம் சந்தோஷத்தில் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்ய உட்கார்ந்துவிடுகிறோம். அதற்கு முன்னால் இந்த நாலு பேரிடம் பேசிவிடுங்கள்.

டாக்டரிடம்: வீட்டில் எதை எதிர்பார்க்க வேண்டும், எது நடந்தால் திரும்பக் கொண்டுவர வேண்டும், அடுத்த சந்திப்பு எப்போது. தாதியிடம்: குழாய், புண் கட்டு, ஊசி என்று வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியவை எவை. இயன்மருத்துவர், செயல்முறை சிகிச்சையாளரிடம்: எழுப்புவது எப்படி, என்ன சாதனம் வேண்டும். மருத்துவச் சமூக ஊழியரிடம்: பணம், வீட்டுக்கு வரும் தாதிச் சேவை, பகல்நேரப் பராமரிப்பு நிலையம். இந்த நாலாவது ஆளைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. “நாங்கள் என்ன வசதியில்லாதவர்களா” என்று கூச்சப்படுகிறார்கள். சமூக ஊழியர் ஏழைகளுக்கு மட்டும் என்று இல்லை. வீட்டுக்கு வரும் தாதி, டாக்டர் சேவைகளுக்கான பரிந்துரை பெரும்பாலும் அவர் வழியாகத்தான் நகரும், அதற்குச் சில நாள் பிடிக்கும். டிஸ்சார்ஜ் அன்று கேட்டால் ஆள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் தாதி வருவார்.

வீடு தயாராக இல்லை என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். இன்னும் உடற்பயிற்சி சிகிச்சை தேவைப்படுபவராக இருந்தால் சமூக மருத்துவமனையில் சில வாரம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது கைவிடுவது ஆகாது. அந்தச் சில வாரத்தில் அவர் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறப் பழகிவிட்டால், பிறகு வீட்டில் உங்கள் முதுகும் பிழைக்கும், அவர் மானமும் பிழைக்கும்.

2. வார்டிலேயே உங்கள் கையால் செய்து பாருங்கள்

தாதி செய்வதைப் பார்த்தால் எல்லாம் சுலபமாகத் தெரியும். பார்த்தது வேறு, செய்தது வேறு. மூக்குக் குழாயில் பால் ஊற்றுவது, டயப்பர் மாற்றுவது, இன்சுலின் போடுவது, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது, எதுவானாலும் தாதி பக்கத்தில் நிற்க நீங்கள் குறைந்தது இரண்டு முறை செய்யுங்கள். அனுமதி கேட்டு கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் கற்றுக்கொள்கிறார்கள் என்பதும் முக்கியம். பகலில் வார்டுக்கு வரும் மகள் கற்றுக்கொள்வார், வீட்டில் இரவில் பார்க்கப்போவதோ மகனும் பணிப்பெண்ணும். அப்போது செய்முறை வாய்வழியாகப் போய்ச் சேரும், பாதி வழியில் ஒரு படி விழுந்துவிடும். இரவில் யார் பார்க்கப்போகிறார்களோ அவரைக் கட்டாயம் வார்டுக்கு அழைத்து வாருங்கள். பணிப்பெண்ணுக்கு ஆங்கிலமும் தமிழும் தடுமாற்றம் என்றால் அவர் மொழியிலேயே படிகளை எழுதச் சொல்லி, திரும்பச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். “புரிந்ததா” என்று கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

3. ஆள் வரும் முன் வீட்டைச் சரிசெய்யுங்கள்

முதல் வேலை, அளவு நாடாவை எடுத்துக் கதவுகளை அளப்பது. பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கழிவறைக் கதவு குறுகல், உள்ளே போக ஒரு படியும் இருக்கும். சக்கர நாற்காலி வாங்கிக்கொண்டு வந்த பிறகு அது குளியலறைக்குள் நுழையாது என்று தெரிந்து தவித்த வீடுகள் எனக்குத் தெரியும். அளவையும், கழிவறையின் கைப்பேசிப் படத்தையும் செயல்முறை சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். எந்த அகலம், எந்த வகை என்று அவரே சொல்லிவிடுவார்.

சாதனங்களை அவசரப்பட்டு வாங்காதீர்கள். 60 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்குச் சக்கர நாற்காலி, கமோட் நாற்காலி, மருத்துவக் கட்டில் போன்றவற்றுக்கு வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை தரும் மூத்தோர் நடமாட்ட உதவி நிதி இருக்கிறது. சிகிச்சையாளரின் மதிப்பீடு முதலில், வாங்குவது அப்புறம். கடையில் வாங்கிவிட்டு ரசீதோடு போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் அதிகம். கட்டிலை வாடகைக்கு எடுக்கவும் முடியும். நோய் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத முதல் மாதத்தில் வாடகைதான் நல்லது.

கழிவறைக்குக் கைப்பிடி, வழுக்காத தரை, சாய்தளம் எல்லாம் வீவக வீட்டில் ஈஸ் (EASE) என்னும் மூத்தோருக்கான வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம். சிங்கப்பூரர்கள் வீட்டு வகையைப் பொறுத்து மொத்தச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு மட்டும் கட்டினால் போதும். விண்ணப்பித்த மறுநாளே ஆள் வந்து பொருத்திவிட மாட்டார் என்பதால் டிஸ்சார்ஜ் பேச்சு வந்ததுமே விண்ணப்பியுங்கள்.

கட்டிலைச் சுவரோரம் ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். நோயாளியை மூலை அறையில் தள்ளிவிடாமல் கூடத்தில் வைத்தால் இரவில் சத்தம் கேட்கும், பகலில் அவருக்கும் வீட்டு நடமாட்டம் கண்ணில் படும். அப்பா கூடத்தில் இருந்ததால்தான் பேச்சுக் கொஞ்சமாவது திரும்பியது என்று இன்றும் நம்புகிறேன். மறைவுக்கு ஒரு திரை மட்டும் கட்டாயம் வேண்டும்.

ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் என்றால் அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எதுவும் கூடாது, சிகரெட்டும் கூடாது. நம் வீடுகளில் நோயாளி தலைமாட்டில் சாமி படமும் விளக்கும் வைப்பது வழக்கம். ஆக்ஸிஜன் சூழ்ந்த இடத்தில் சின்னப் பொறிகூடக் குபீரென்று பிடித்துக்கொள்ளும். படத்தை வைத்துக்கொள்ளுங்கள், விளக்கை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். மூக்கடியில் தைலம், வாஸ்லின் தடவுவதையும் நிறுத்துங்கள். உதடு, மூக்கு காய்ந்தால் தண்ணீர் சேர்ந்த பூச்சு எது என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

முதல் மூன்று நாளுக்கு வீட்டில் இருக்க வேண்டியவை: டயப்பர், கட்டில் மேல் விரிக்கும் நீர் உறிஞ்சும் விரிப்பு, கையுறை, ஈரத்துடைப்பான், நாலைந்து கூடுதல் தலையணை, வெப்பமானி, இரத்த அழுத்தக் கருவி, கூப்பிட ஒரு மணி, திக்கனர் (பானத்தைக் கெட்டியாக்கும் மாவு) தேவையென்றால் ஒரு முழு டப்பா. திக்கனரை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது ஆறாம் படியில் புரியும்.

4. வீட்டுக்கு வரும் நாள்

முடிந்தவரை வார நாளில், காலையில் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் ஏதாவது குறைகிறது என்று தெரிவது இரவில், கேட்க ஆள் கிடைப்பது திங்களன்று.

வார்டை விட்டு இறங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: டிஸ்சார்ஜ் அறிக்கை, மருந்துகள், மருந்துப் பட்டியல், அடுத்த சந்திப்புத் தேதிகள், வார்டைத் தொடர்புகொள்ளும் எண், மருத்துவ விடுப்புச் சான்று வேண்டுமானால் அது. உட்கார முடிந்தவர் என்றால் சக்கர நாற்காலியோடு ஏறும் வாகனம், முடியாதவர் என்றால் தனியார் ஆம்புலன்ஸ். அவசரமில்லாத ஆம்புலன்ஸுக்கு 1777, கட்டணம் உண்டு. உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கான 995-ஐ இதற்கு அழைக்கக் கூடாது.

அன்றைக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டிப் பயணமே அவரைக் களைப்பாக்கியிருக்கும், உங்களுக்கோ அன்று ஆயிரம் வேலை. ஆப்பிள் பையோடு பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்தால் காப்பி போடுவதா, டயப்பர் மாற்றுவதா?

5. மருந்து: பழையதை எடுத்து ஒதுக்கிய பிறகுதான் புதியதைத் திறக்க வேண்டும்

நான் பார்த்த தவறுகளிலேயே அடிக்கடி நடப்பது இதுதான். மருத்துவமனை புது மருந்து கொடுத்திருக்கும், வீட்டு அலமாரியில் பலதுறை மருந்தகத்தில் வாங்கிய பழைய மருந்து மூன்று மாதத்துக்கு இருக்கும். இரண்டும் ஒரே மருந்தாக இருக்கலாம், பெட்டியில் போட்ட வணிகப் பெயர் மட்டும் வேறு. பக்கத்துப் புளோக்கில் ஒரு அம்மா இரண்டையும் சேர்த்தே நாலு நாள் சாப்பிட்டார், இரத்த அழுத்தம் இறங்கிச் சமையலறையில் விழுந்தார். வீணாகக் கூடாதே என்றுதான் சாப்பிட்டிருக்கிறார்.

அதனால் முதல் நாளே வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு மேசையில் கொட்டுங்கள். டிஸ்சார்ஜ் பட்டியலை எடுத்து, பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் வேதிப் பெயரை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாததை ஒரு பையில் போட்டுக் கட்டி, வீட்டில் யாரும் எடுக்காத இடத்தில் வையுங்கள், அடுத்த சந்திப்புக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் தூக்கிப் போடலாம். சந்தேகம் இருந்தால் மருந்தாளரைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் ஏழு நாள், நாலு வேளை என்று கட்டம் உள்ள மருந்துப் பெட்டி ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை ஒரே ஆள் நிரப்புங்கள். நிரப்புவது ஒருவர், கொடுப்பது யாரும். கட்டம் காலியானால் கொடுத்தாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். “நீ கொடுத்திருப்பாய் என்று நினைத்தேன்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாத்திரையைப் பொடிப்பதற்கு முன்னால் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை நுணுக்கினால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். குழாய் வழியாகக் கொடுப்பவர்கள் எல்லா மாத்திரைக்கும் இதைக் கேட்க வேண்டும், பலவற்றுக்குத் திரவ வடிவம் உண்டு.

வலி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. மார்பின் என்றதும் நம் ஆட்கள் பயந்து, “தாங்க முடிந்தவரை தாங்கட்டும்” என்று தள்ளிப் போடுகிறார்கள். மாமியார் விஷயத்தில் முதல் வாரம் நானும் அதைத்தான் செய்தேன். வலி ஏறிய பிறகு அடக்குவது மிகக் கடினம், டாக்டர் சொன்ன நேரத்தில் சொன்ன அளவில் கொடுத்தால்தான் அவர் நிம்மதியாகத் தூங்குவார். மார்பின் பெரும்பாலும் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் மலமிளக்கியும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள். வயிறு சரியாகத்தானே இருக்கிறது என்று அதை நிறுத்திவிடாதீர்கள். கஷாயம், லேகியம், ஊரிலிருந்து வந்த பொடி எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு இவற்றில் சில ஆபத்தாக முடியும்.

6. சாப்பாடு: முதலில் விழுங்க முடியுமா என்று பாருங்கள், ருசி பிறகு

அப்பா வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், திக்கனர் கைவசம் இல்லை, காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரவு தாகம் என்று கெஞ்சினார், இரண்டு வாய் தண்ணீர்தானே என்று கொடுத்தேன். இருமினார், நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாகத் திரும்ப வார்டுக்குப் போனோம்.

பக்கவாதம், பார்க்கின்சன், முற்றிய மறதிநோய் போன்றவற்றில் விழுங்கும் தசைகள் பலவீனமாகிவிடும். அப்போது மிக ஆபத்தானது வெறும் தண்ணீர்தான், ஏனென்றால் அது வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதை நம் வீட்டுப் பாட்டிகளிடம் புரியவைப்பதுதான் பெரிய பாடு. கஞ்சி லேசானது, ரசம் லேசானது என்பது வயிற்றுக்குச் சரி, தொண்டைக்குச் சரியில்லை. ரசம் சோற்றில் நீர் தனியாகவும் பருக்கை தனியாகவும் இருக்கும், விழுங்குவதற்கு அதுதான் கடினமான வகை. நீர்த்த கஞ்சியும் அப்படியே. ஐஸ்கிரீம் வாயில் போனதும் தண்ணீராகிவிடும், ஆகவே அதுவும் தண்ணீர்க் கணக்குதான்.

பேச்சு சிகிச்சையாளர் ஒரு நிலை எண் கொடுத்திருப்பார், பானத்துக்கு 0 முதல் 4 வரை, உணவுக்கு 3 முதல் 7 வரை. அந்த எண்ணைப் பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள், பார்க்க வருபவர்களும் படிக்கட்டும். கெட்டித்தன்மை சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 10 மில்லி சிரிஞ்சில் 10 மில்லி ஊற்றி, அடியைத் திறந்து 10 நொடி ஒழுகவிடுங்கள். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 வரை மிஞ்சினால் நிலை 2, 8-க்கு மேல் மிஞ்சினால் நிலை 3. எந்த சிரிஞ்ச் என்று சிகிச்சையாளரிடமே வாங்கிக்கொள்ளுங்கள், சிரிஞ்சின் அளவு மாறினால் கணக்கும் மாறும்.

ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவையுங்கள். சின்னக் கரண்டி, ஒரு வாய், விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்த வாய். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். பலவீனமான பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும், முடித்ததும் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அரைமணி நேரம் படுக்கவைக்காதீர்கள். பல்லும் நாக்கும் இரண்டு வேளை துடைப்பது அலங்காரத்துக்கு இல்லை. வாயில் இருக்கும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது.

மூக்குக் குழாய் என்றால் ஒவ்வொரு முறையும், விதிவிலக்கே இல்லாமல், ஊற்றும் முன் இரண்டு சோதனை. மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா? உறிஞ்சி எடுத்த நீரைத் தாளில் வைத்தால் பிஎச் 5 அல்லது அதற்குக் கீழ் காட்டுகிறதா? இரண்டில் எது சரியில்லை என்றாலும் ஊற்றாதீர்கள், தாதியை அழையுங்கள். குழாய் இரைப்பையை விட்டு நழுவியிருந்தால் பால் நேரே நுரையீரலுக்குப் போகும். தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி ஊற்றி, முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். முன்னும் பின்னும் சொன்ன அளவு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இருமல், மூச்சுத் திணறல், முகம் நீலம் பாய்வது எது தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

7. தோல்: படுக்கைப் புண் ஒரு நாளில் வந்துவிடும், ஆறுவதற்கு மாதங்கள் ஆகும்

தானே திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். வலம், மல்லாக்க, இடம் என்று ஒரு சீட்டில் நேரத்தோடு எழுதிக் கட்டில்மேல் ஒட்டுங்கள். நேர்ப் பக்கவாட்டில் போட்டால் முழு எடையும் இடுப்பெலும்பில் இறங்கும், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்துக் குதிகால் மெத்தையைத் தொடாமல் தொங்கவிடுங்கள்.

துண்டுப் பிரசுரங்களில் “சிவந்திருந்தால் கவனிக்கவும்” என்று போட்டிருக்கும். நம் தோல் நிறத்தில் பல நேரம் சிவப்பே தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதா படிந்தோ இருக்கிறதா, தொட்டால் சூடாக அல்லது இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, காதின் பின்புறம், இந்த ஐந்து இடத்தையும் குளிப்பாட்டும்போது பகல் வெளிச்சத்தில் தினமும் பாருங்கள். மாற்றம் தெரிந்தால் அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் தாதிக்குப் படம் அனுப்புங்கள்.

அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். இரத்த ஓட்டம் வரட்டும் என்றுதான் தேய்க்கிறோம், ஆனால் உள்ளே ஏற்கெனவே நசுங்கிய திசு இன்னும் கிழியும். வளையம் மாதிரி காற்றுத் தலையணையும் வேண்டாம், ஓட்டையைச் சுற்றி அழுத்தம் கூடும். காற்று மெத்தை வாங்கியவர்கள் இனித் திருப்ப வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். மெத்தை உதவிதான், திருப்புவது திருப்புவதுதான். நகர்த்தும்போது இழுக்காமல் அடியில் மடித்த விரிப்பை இரண்டு பேர் பிடித்துத் தூக்குங்கள். டயப்பர் நனைந்ததும் மாற்றுங்கள். செலவைப் பார்த்து ஒரு நாளைக்கு மூன்றுதான் என்று கணக்கு வைத்த வீட்டில் புண் கட்டுக்கே அதைவிட அதிகம் செலவானது.

8. எழுப்புவதும் சிறுநீர்ப் பையும்

படுத்தவரை ஒரே இழுப்பில் நிறுத்தாதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும், தலைசுற்றல் இல்லை என்றதும் எழுப்பலாம். சக்கர நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் வைத்து, இரண்டு பிரேக்கும் போட்டு, கால்பலகையை மடக்குங்கள். பக்கவாதம் தாக்கிய கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். இடுப்புப் பட்டையைப் பிடியுங்கள். விழத் தொடங்கிவிட்டால் தூக்கி நிறுத்தப் போராடாமல் உங்கள் மேல் சாய்த்து மெல்லத் தரையில் இறக்குங்கள்.

சிறுநீர்ப் பை எப்போதும் வயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. நாற்காலிக்கு மாற்றும்போது பையை மடியில் வைப்பது எல்லோரும் செய்யும் தவறு, அப்போது பழைய சிறுநீர் உள்ளே திரும்பிப் போகும். நாலைந்து மணி நேரமாகப் பையில் எதுவும் சேரவில்லை என்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, உடம்புக்கு அடியில் நசுங்குகிறதா என்று பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை, அடிவயிறு உப்புகிறது என்றால் அழைக்க வேண்டும்.

9. ஒரே ஒரு நோட்டு, ஒரே ஒரு தாள்

நோட்டில் தினமும்: காய்ச்சல், இரத்த அழுத்தம், எவ்வளவு சாப்பிட்டார், சிறுநீர், மலம், வலி, தோல், தூக்கம். இரண்டு வரி போதும். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். காகித நோட்டு கட்டிலோரம் இருந்தால் பணிப்பெண்ணும் எழுதலாம், வரும் தாதியும் புரட்டலாம். “மலம் எப்போது கடைசியாகப் போனது” என்ற கேள்விக்கு ஐந்து பேர் ஐந்து பதில் சொல்லும் நிலை வராது.

தாளைச் சுவரில் ஒட்டுங்கள். மேல் பாதி 995-க்கு உடனே அழைக்க வேண்டியவை: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, எழுப்பினாலும் எழாமை, வலிப்பு, நிற்காத இரத்தம். கீழ்ப் பாதி அன்றைக்கே தாதியையோ டாக்டரையோ அழைக்க வேண்டியவை: 38 பாகைக்கு மேல் காய்ச்சல், மூன்று நாள் மலம் போகாமை, சிறுநீர் நின்றுபோவது, குழாய் நழுவுவது, தோலில் புது மாற்றம், திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவது. கடைசியாகச் சொன்னதை “வயசாச்சு, அப்படித்தான் பேசுவார்” என்று விட்டுவிடாதீர்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று குழம்பினால் உடம்புக்குள் தொற்றோ, நீர் வறட்சியோ, மருந்துக் கோளாறோ இருக்கலாம்.

10. பணத்துக்கான விண்ணப்பங்களை முதல் வாரத்திலேயே போடுங்கள்

எல்லாம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் எத்தனைக்கு அடுத்தவர் உதவி வேண்டும்? மூன்று என்றால் பல கதவுகள் திறக்கும்.

இல்லப் பராமரிப்பு மானியம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. 2023 மார்ச் முதல் மாதம் 400 வெள்ளி வரை, 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை என்று அறிவிக்கப்பட்டது. 1980-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு 30 வயதானதும், கடும் உடற்குறைக்கு மாதத் தொகை தரும் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் தானாகவே இருக்கும். மூத்தவர்களிடம் பழைய எல்டர்ஷீல்டு இருக்கலாம், மாதம் 300 அல்லது 400 வெள்ளி, 5 அல்லது 6 ஆண்டு வரை. பல பிள்ளைகளுக்கு அப்பா அதில் இருந்ததே தெரியாது, கேட்டுப் பாருங்கள். மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்கிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை எடுக்கும் வழியும் உண்டு. பணிப்பெண் வைத்திருந்தால் அரசுக்குக் கட்டும் மாதம் 300 வெள்ளித் தீர்வை சலுகையில் 60 ஆகக் குறையும்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலையாமல் ஏ.ஐ.சி. என்னும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழையுங்கள். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று ஒரே இடத்தில் சொல்வார்கள்.

11. இரவு முறை போடுங்கள்

முதல் மூன்று நாள் எல்லோரும் விழித்திருப்பார்கள். நாலாம் நாளிலிருந்து ஒருவர் மட்டும் விழித்திருப்பார், பெரும்பாலும் அது மகளோ மருமகளோதான். பத்தாம் நாள் அவர் மருந்தை மாற்றிக் கொடுப்பார், இல்லையென்றால் கோபத்தில் நோயாளியிடம் கத்திவிட்டுத் தனியாக அழுவார். தூக்கமில்லாத கை தவறு செய்யும், அவ்வளவுதான்.

யார் எந்த இரவு என்று முதல் வாரமே எழுதுங்கள். தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும், பணிப்பெண்ணுக்கும். வாரத்தில் ஓய்வுநாள் அவருக்கும் உண்டு, அன்றைக்கு யார் என்பதையும் எழுதுங்கள். “ஏதாவது உதவி வேண்டுமா” என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் “ஒன்றும் வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். செவ்வாய் மதியம் சமைத்துக் கொண்டுவாருங்கள், சனி மாலை இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள், டெக்கா சந்தைக்குப் போகும்போது காய்கறி வாங்கி வாருங்கள் என்று வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பார்க்க வருவோருக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இருமல் சளி உள்ளவர்கள் போனில் பேசட்டும். நோயாளிக்குக் கேட்கும் தூரத்தில் “எத்தனை நாள் தாங்கும்” என்று பேசுபவர்களை மரியாதையாக வாசலுக்கு அழைத்துப் போய்விடுங்கள். கண் மூடியிருந்தாலும் காது கேட்கும்.

12. அவர் தெளிவாக இருக்கும்போதே பேச வேண்டியவை

இதைக் கடைசியில் வைத்திருப்பது முக்கியம் குறைவு என்பதால் இல்லை. வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் இதைப் பேச மனம் இருக்கும். ஆனால் இரண்டாம் வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

தன்னால் முடியாதபோது தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும், எல்.பி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் நீடித்த அதிகாரப் பத்திரத்தை, அவருக்குச் சுயமாக முடிவெடுக்கும் நிலை இருக்கும்போதுதான் செய்ய முடியும். அது போன பிறகு அவர் வங்கிக் கணக்கைத் தொடவும் நீதிமன்றம் போக வேண்டிவரும், செலவும் காலமும் பல மடங்கு. இன்னொன்று, எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இருக்க விருப்பம் என்ற பேச்சு. மருத்துவமனைகளில் இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வார்கள். நம் வீடுகளில் இதை எடுத்தாலே “அபசகுனம்” என்பார்கள். மாமியாரிடம் நான் எப்படித் தொடங்குவது என்று நாலு நாள் தவித்தேன். ஒரு மாலை காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே “அத்தை, உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவாக இருக்கு?” என்று மட்டும் கேட்டேன். மீதியை அவரே சொன்னார். திரும்ப வார்டுக்குப் போகக் கூடாது, சாமி படம் கண்ணில் படும்படி கூடத்திலேயே இருக்க வேண்டும் என்றார்.

வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னால், வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புச் சேவைக்கு உடனே பரிந்துரை கேளுங்கள். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள், அவர்கள் வலியையும் மூச்சுத் திணறலையும் வீட்டிலேயே அடக்க வழி செய்வார்கள். இரவில் எந்த எண்ணை அழைக்க வேண்டும், உயிர் பிரிந்தால் சான்றளிக்க எந்த டாக்டர் வீட்டுக்கு வருவார் என்பதை முன்பே கேட்டு, அந்தச் சுவர்த் தாளிலேயே எழுதுங்கள். அடையாள அட்டையும் டாக்டரின் அண்மைய அறிக்கையும் ஒரே உறையில் இருக்கட்டும், வரும் டாக்டர் அவற்றைத்தான் கேட்பார். 2022 மே 29 முதல், டாக்டர் இணையத்தில் சான்றளித்ததுமே இறப்பு தானாகப் பதிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பதிவு அலுவலகத்துக்கு யாரும் ஓட வேண்டியதில்லை, வீட்டிலுள்ளவர்கள் அவர் பக்கத்திலேயே இருக்கலாம்.